ஆதாரைப் பூட்டினேன், அம்மாவுக்கு ரேஷன் கிடைக்கலை: பாதுகாப்பு வசதிகள் ஏன் இவ்வளவு சிரமமா இருக்கு?

கோவை மதுக்கரையில் இருக்கும் என் அம்மா, ரேஷன் கடை வரிசையில் நின்றபடி ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"கண்ணு, கை வச்சா எடுக்க மாட்டீங்குது. கண்ணைக் காட்டினாலும் எடுக்க மாட்டீங்குது. ஆதார்ல என்னமோ லாக் ஆயிருக்குதுங்கறாங்க. நீ ஏதாச்சும் பண்ணுனியா?"

பண்ணினது நான்தான். லீவுக்கு ஊருக்குப் போனபோது, அம்மாவோட ஆதாரில் 'பயோமெட்ரிக் லாக்' போட்டுவிட்டு வந்திருந்தேன். சைபர் மோசடி செய்திகளைத் தினமும் எழுதுகிற ஆள் என்பதால், நல்லது செய்கிற நினைப்பில் செய்தது. ரேஷன் கடைக்கும் அதே கைரேகைதான் வேணும் என்பது அப்போ எனக்குத் தோணவே இல்லை.

சரி, சென்னையில் இருந்தே திறந்துவிடலாம் என்று ஆதார் இணையதளத்துக்குப் போனேன். அம்மாவோட பட்டன் போனுக்கு ஓடிபி போச்சு. "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஓடிபியை ஆரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீதான கண்ணு சொன்னே?"

அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் சரியாகப் பிடித்திருந்தார். அதை மீறச் சொன்னது நான்தான். இத்தனை பாதுகாப்பு வசதிகள் இருந்தும் பணம் போய்க்கொண்டே இருக்க என்ன காரணம்? தப்பு மக்கள் மேலா, வசதிகள் மேலா? விரிவாகப் பார்க்கலாம்.

கைரேகையை ஏன் பூட்டணும்?

முதலில் இந்த வசதி எதுக்கு என்று பார்த்துவிடலாம். வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் ஆதார் எண், வங்கிப் பெயர், கைரேகை, இந்த மூன்றை மட்டும் வைத்துப் பணம் எடுக்க முடியும். 'ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை முறை' என்று இதற்குப் பெயர். கடைக்காரரோ வங்கி முகவரோ வைத்திருக்கும் சின்ன மெஷினில் விரலை வைத்தால் போதும். ஏடிஎம் கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

முதியோர் பென்ஷன் வாங்குபவர்களுக்கும் 100 நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் மோசடிக் கும்பலுக்கும் அதே வழி திறந்தது. வட மாநிலங்களிலும், ஆந்திரா, தெலங்கானாவிலும் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையைப் பிரதி எடுத்து, சிலிக்கானில் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. ஓடிபி வராது என்பதால், பணம் போன பிறகுதான் விஷயமே தெரியும்.

இதைத் தடுக்கத்தான் ஆதார் ஆணையம் பயோமெட்ரிக் லாக் வசதியைத் தந்திருக்கிறது. பூட்டிவிட்டால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றுமே வேலை செய்யாது. போலி விரலை வைத்தாலும் மெஷின் ஏற்காது. கட்டணமும் கிடையாது.

அப்போ எல்லாரும் பூட்டிடலாமே?

சிக்கல் இங்கேதான். திருடனுக்குப் போடும் பூட்டு, வீட்டுக்காரருக்கும் சேர்த்தே விழுகிறது. 'வங்கிக்கு மட்டும் பூட்டு, ரேஷனுக்குத் திற' என்று பிரித்துச் சொல்ல இதில் வழியில்லை. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம். 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும்.

பேப்பரில் பார்த்தால் 10 நிமிடம் தாராளமான நேரம். ரேஷன் கடை வரிசையில் அது எப்படி இருக்கும்? அம்மா விஷயத்தில் என்ன நடந்தது என்று படிப்படியாகச் சொல்கிறேன்:

• நான் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் கேப்ட்சாவையும் போட்டேன்.

• ஓடிபி அம்மாவோட போனுக்குப் போச்சு. பேசிக்கொண்டே மெசேஜைத் திறக்க அம்மாவுக்குத் தெரியாது. அழைப்பைத் துண்டித்தார்.

• மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் எது ஓடிபி என்று பின்னால் நின்ற ஒருவர் பார்த்துச் சொன்னார். யாருக்கும் சொல்லக்கூடாத எண், வரிசை முழுக்கக் கேட்டது.

• நான் திறந்து முடித்தபோது அம்மாவின் முறை போய்விட்டது. மறுபடி முறை வந்தபோது 10 நிமிடம் முடிந்திருந்தது.

இரண்டாவது தடவைதான் கைரேகை விழுந்தது. இதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

ஆதார் ஆணையத்தின் பழைய எம்-ஆதார் செயலியில் தமிழ் உட்பட 12 இந்திய மொழிகள் உண்டு. ஆனால் விவரங்களை உள்ளிடும் இடத்தில் ஆங்கிலம் மட்டுமே ஏற்கும் என்று ஆணையமே அதன் கேள்வி-பதில் பகுதியில் சொல்லியிருக்கிறது. மெனு தமிழில், நிரப்புவது ஆங்கிலத்தில்.

2025 நவம்பரில் வெளியான புதிய ஆதார் செயலியில் பூட்டுவதும் திறப்பதும் முன்பைவிட எளிது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதற்கு ஸ்மார்ட்போன் வேணும். பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு அது இன்னும் எட்டாத தூரம்.

'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை': இது சரியான பதிலா?

சைபர் மோசடி பற்றிய எந்தப் பேட்டியை எடுத்தாலும் இந்த ஒரு வரி வந்துவிடும். நாங்களும் பலமுறை தலைப்பிலேயே போட்டிருக்கிறோம்.

எண்களைப் பாருங்க. 2023-ல் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்ததாகப் பதிவான தொகை 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தந்த கணக்கு இது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அந்த ஒரு வருடத்தில் விழிப்புணர்வு ஒன்றும் குறையவில்லை. காலர் ட்யூனிலேயே எச்சரிக்கை ஓடியது. அப்படியும் தொகை கூடியது என்றால், எச்சரிக்கை மட்டும் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

மேலே சொன்ன தொகையில் பல வகை மோசடிகள் அடக்கம். பங்குச்சந்தை ஆசை காட்டுவது, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுவது எல்லாம் அதில் வரும். அவை எல்லாவற்றையும் ஒரு செயலியின் வடிவமைப்பு தடுத்துவிடாது. ஆனால் 'நீதான் ஜாக்கிரதையா இருக்கணும்' என்று முழுப் பாரத்தையும் பயன்படுத்துகிறவர் தலையில் வைப்பது சரியா என்ற கேள்வி பழையது. எவ்வளவு பழையது தெரியுமா?

1883-லேயே சொன்ன விதி

ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியியல் அறிஞர், ராணுவ ரகசியச் செய்திகளை எப்படி அனுப்புவது என்று 1883-ல் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அதில் ஆறு விதிகள் சொன்னார். கடைசி விதி, அந்த முறை பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும் என்பது. போர்க்களத்தில் பதற்றத்தில் இருக்கும் சிப்பாயிடம் நீண்ட விதிப்பட்டியலைக் கொடுத்தால் அவன் தப்பு செய்வான். அந்தத் தப்பு எதிரிக்கு லாபம்.

இதை 116 ஆண்டுகள் கழித்து ஒரு சோதனை நிரூபித்தது. 1999-ல் ஆல்மா விட்டன், டக் டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 12 பேரை உட்கார வைத்தார்கள். மின்னஞ்சலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் 'பிஜிபி' என்ற மென்பொருளைக் கொடுத்தார்கள். 90 நிமிடம் நேரம். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் சரியாக அனுப்பினார்கள். நான்கில் ஒரு பங்கு பேர், பூட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ரகசியத்தை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவிட்டார்கள்.

அந்த மென்பொருளின் கணக்கு முறையில் குறையில்லை, பூட்டு உறுதியானதுதான். எந்தப் பக்கம் திருகினால் பூட்டும் என்பதுதான் மக்களுக்குப் புரியவில்லை.

அதே பூட்டை 100 கோடிப் பேருக்குப் போட்டது எப்படி?

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் ஒரு மாற்றம் செய்தது. அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவர் தவிர நடுவில் வேறு யாரும் படிக்க முடியாதபடி எல்லா மெசேஜ்களையும் பூட்டத் தொடங்கியது. அப்போதே அதன் பயனாளர்கள் 100 கோடிக்கு மேல். இதற்காக அவர்களில் யாரும் எந்தப் பட்டனையும் தட்டவில்லை. செயலியை அப்டேட் செய்தார்கள், அவ்வளவுதான்.

1999-ல் 12 பேரில் பெரும்பாலானவர்களால் முடியாததை, 2016-ல் மதுக்கரை மார்க்கெட்டில் காய்கறி விற்கிற அக்காவும் செய்தார். செய்கிறோம் என்று தெரியாமலே செய்தார். இதைத்தான் துறையில் 'டீஃபால்ட்' என்கிறார்கள். நாம எதையும் தொடாமல் விட்டால் செயலி எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் டீஃபால்ட்.

அதே வாட்ஸ்அப்பில் இன்னும் சில பூட்டுகளை நாமே தேடிப்போய்ப் போட வேண்டியிருக்கிறது. ஒருவேளை நம்ம கணக்கை வேறு போனில் திறக்க முயன்றால் தடுக்கும் ஆறு இலக்க பின், டீஃபால்ட்டாக வருவதில்லை. மேகக்கணியில் சேமிக்கும் பழைய அரட்டைகளின் பேக்கப்புக்கான பூட்டு 2021-ல் வந்தது, அதையும் நாமதான் ஆன் செய்யணும். உங்களுக்குத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள்? யோசித்துப் பாருங்க.

யுபிஐயில் சத்தமில்லாமல் வந்த மாற்றங்கள்

இந்தியாவில் இப்படி நல்ல மாற்றங்களே வரவில்லையா? வந்திருக்கின்றன.

பழைய பொருள் விற்கும் தளங்களில் ஒரு மோசடி ரொம்பப் பிரபலம். "உங்க கட்டிலை நான் வாங்கிக்கறேங்க, பணம் அனுப்பறேன், பின் போட்டு வாங்கிக்கோங்க" என்பார்கள். வருவது பணம் கேட்கும் கோரிக்கை. பின் போட்டால் நம்ம கணக்கில் இருந்து பணம் போய்விடும். 'பணம் வாங்க பின் தேவையில்லை' என்று எத்தனை போஸ்டர் ஒட்டியும் இது நிற்கவில்லை.

கடைசியில் யுபிஐயை நடத்தும் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம், தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் எடுத்துவிட்டது. கடைகள், நிறுவனங்கள் கேட்கும் கோரிக்கை மட்டும் தொடர்கிறது. மக்களுக்குப் புதுப் பாடம் எதுவும் எடுக்காமல், அவர்கள் தடுக்கி விழுந்த கல்லையே அப்புறப்படுத்தினார்கள்.

இன்னும் இரண்டு உதாரணங்கள்:

• பணம் அனுப்பும் முன், வங்கியில் பதிவான உண்மையான பெயரைத்தான் காட்டணும் என்று 2025 ஜூன் 30-க்குள் யுபிஐ செயலிகள் மாற வேண்டியிருந்தது. நம்ம போனில் 'பால்காரர்' என்று சேமித்திருந்தாலும், திரையில் வருவது வங்கிக் கணக்கில் உள்ள பெயர்.

• வங்கிகளின் இணையதள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியணும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025 அக்டோபர் 31 கெடு. ஐம்பது வகைப் போலி முகவரிகளைக் கற்றுக்கொள்வதற்குப் பதில், ஒரே ஒரு முடிவை நினைவில் வைத்தால் போதும்.

மெசேஜின் கடைசி எழுத்து: உங்களுக்குத் தெரியுமா?

நல்ல எண்ணத்தில் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமலே கிடக்கும் வசதிக்கும் ஓர் உதாரணம் பார்க்கலாம்.

இப்போதே உங்க போனில் வந்த வங்கி மெசேஜ் ஒன்றைத் திறந்து, அனுப்பியவர் பெயரைப் பாருங்க. கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவை. 'டி' என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைத் தகவல். 'ஜி' என்றால் அரசு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2025-ல் விதிகளைத் திருத்திக் கொண்டுவந்த அடையாளம் இது.

போலியைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு குறிப்புதான். வங்கி பெயரில் மெசேஜ் வந்து, அனுப்பியவர் இடத்தில் சாதாரண 10 இலக்க மொபைல் எண் இருந்தால் அதைச் சந்தேகப்படலாம். ஆனால் இந்த நாலு எழுத்துக்கும் அர்த்தம் போனில் எங்குமே எழுதியிருக்காது. எங்க டெஸ்க்கில் ஐந்து பேரிடம் கேட்டேன், ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. செய்தி எழுதுகிற எங்க நிலைமையே இப்படி.

தமிழில் கொடுத்தால் போதுமா?

தமிழ் படித்தவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. போதாது என்பதுதான் பதில்.

சரிபார்ப்பு, அங்கீகாரம், உறுதிப்படுத்தல், ஒப்புதல். இந்த நாலு சொல்லும் வெவ்வேறு வேலைகளைக் குறிக்கும். ஆனால் திரையில் பார்க்கிறவருக்கு நாலும் ஒன்றுதான், 'ஏதோ ஓகே கொடுக்கணும் போல'. 'இருகாரணி அங்கீகாரம்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை. எங்க அம்மா காதில் அது விழாது, அவ்வளவுதான். அதையே 'பாஸ்வேர்டு தவிர இன்னொரு பூட்டும் போடுங்க' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்ம விவரங்களைக் கேட்கும் நிறுவனங்கள் தெளிவான, எளிய மொழியில் ஒப்புதல் கேட்கணும் என்கிறது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வழி தரணும். தமிழும் அதில் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. எளிய மொழி என்பதை நிறுவனங்கள் எப்படிப் புரிந்துகொள்ளப் போகின்றன என்பதில்தான் இருக்கிறது விஷயம். 20 பக்க ஆங்கிலத்தை 30 பக்கத் தமிழாக மாற்றிக் கொடுத்தால் சட்டம் நிறைவேறும், படிக்கிற ஆள் அதே இடத்தில்தான் நிற்பார்.

அரசு அறிவிப்புகளும் சில நேரம் குழப்பும். ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீங்க, கடைசி நாலு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்க என்று 2022 மே 27-ல் ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கு என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். மாஸ்க்டு ஆதார் வசதி இன்றும் இருக்கிறது, நல்ல வசதியும்கூட. ஆனால் அந்தக் குழப்பத்துக்குப் பிறகு எத்தனை பேர் அதை நம்பிப் பயன்படுத்துவார்கள்?

எளிமை என்றால் கட்டாயமா?

'டீஃபால்ட் நல்லதுன்னா, அரசே எல்லா போனிலும் பாதுகாப்புச் செயலியைப் போட்டுவிடலாமே' என்று தோணலாம். கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது.

தொலைந்த போனை முடக்கவும், நம்ம பெயரில் எத்தனை சிம் இருக்கு என்று பார்க்கவும் உதவும் 'சஞ்சார் சாத்தி' செயலியை, புதிதாக விற்கும் எல்லா போன்களிலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் கடைசியில் உத்தரவிட்டது. அதன் செயல்பாடுகளை முடக்கக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. கண்காணிப்புக்கு வழிவகுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். டிசம்பர் 3-ம் தேதி கட்டாய உத்தரவு வாபஸ் ஆனது.

வாட்ஸ்அப் பூட்டும் டீஃபால்ட், இதுவும் டீஃபால்ட். ஒன்றை ஏற்றுக்கொண்ட மக்கள், இன்னொன்றை ஏன் எதிர்த்தார்கள்? சாவி யார் கையில் என்பதுதான் வித்தியாசம். முதலாவதில், பூட்டைப் போட்ட நிறுவனத்தாலேயே மெசேஜைப் படிக்க முடியாது. இரண்டாவதில், நம்ம போனுக்குள் இருக்கும் செயலியின் கட்டுப்பாடு வெளியே இருக்கிறது. பாதுகாப்பை எளிமையாக்குவது வேறு, நம்மைக் கேட்காமல் முடிவெடுப்பது வேறு.

எல்லாத்தையும் எளிமையாக்கினால் ஆபத்து இல்லையா?

இருக்கு. பணம் அனுப்புவது ரொம்ப எளிதானதால்தான் மோசடியும் ரொம்ப வேகமாக நடக்கிறது. ஒரு காலத்தில் வங்கிக்குப் போய், செலான் எழுதி, காத்திருந்து பணம் அனுப்பினோம். அந்த இடைவெளியில் 'யாருக்கு இவ்வளவு பணம்?' என்று கேட்க ஒரு காசாளர் இருந்தார்.

அதனால் எங்கே எளிமை, எங்கே தடை என்று பிரிக்கணும். 20 ரூபாய் டீக்கு நாலு கேள்வி வேண்டாம். முன்பின் தெரியாத கணக்குக்கு 5 லட்சம் போகும்போது ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்டால் தப்பில்லை. டிஜிட்டல் பணப்பரிவர்த்தனை உறுதிப்படுத்தல் தொடர்பாக ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிமுறைகள் இந்தத் திசையில்தான் போகின்றன. 2026 ஏப்ரல் 1 என்பது அதற்கான கெடு. இரண்டு அடுக்கு உறுதிப்படுத்தல் கட்டாயம். ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பியிருக்கத் தேவையில்லை, வேறு வழிகளையும் பயன்படுத்தலாம். சந்தேகமான பரிவர்த்தனைக்குக் கூடுதல் சோதனை வைக்கலாம்.

ஓடிபியை எழுத்துக்கூட்டி வாசிக்கிற எங்க அம்மா மாதிரியானவர்களுக்கு அந்த 'வேறு வழி' என்னவாக இருக்கும்? வங்கிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

மதுக்கரை யானைகள் சொல்லும் கணக்கு

எங்க ஊர்க்காரர்களுக்கு ஓர் உதாரணம் உடனே புரியும். மதுக்கரை வனப்பகுதி வழியாகப் போகும் கேரள ரயில் பாதையில் யானைகள் அடிபடுவது பல ஆண்டுத் துயரம். 2021 நவம்பர் 26-ம் தேதி இரவு நவக்கரை அருகே ஒரே ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. ஊரே அழுதது.

2024 பிப்ரவரியில் இங்கே செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கியது. செலவு 7.24 கோடி ரூபாய். 12 கோபுரங்களில் கேமராக்கள், இரவிலும் உடல் வெப்பத்தை வைத்து யானையைக் கண்டுபிடிக்கும். கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை போகும், அவர் வேகத்தைக் குறைப்பார். வனத்துறையினர் யானையைப் பாதையில் இருந்து விலக்குவார்கள். முதல் ஓராண்டில் இங்கே ஒரு யானைகூட ரயிலில் அடிபட்டுச் சாகவில்லை.

இதில் யானை கற்றுக்கொள்ள வேண்டியது எதுவுமே இல்லை. 'தண்டவாளத்தைக் கடக்கும் முன் இருபுறமும் பார்' என்று அதற்கு யாரும் போர்டு வைக்கவில்லை. ஆபத்தில் இருக்கும் உயிர் தன் வழியில் நடக்கும், ஏற்பாடு செய்கிறவர்கள்தான் மாறணும் என்ற முடிவில் கட்டிய ஏற்பாடு அது. மனிதர்கள் யானை அல்ல, கற்றுக்கொள்வார்கள். ஆனாலும் யார் மேல் பாரத்தை வைக்கணும் என்ற கணக்கு ஒன்றுதான்.

இப்போதைக்கு நாம என்ன செய்யலாம்?

வசதிகள் மாறும் வரை காத்திருக்க முடியாது. வீட்டில் உள்ளவர்களுக்கு 'ஜாக்கிரதை' என்று சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைச் செய்து கொடுங்க:

1. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்க பின் வையுங்க. ஐந்து நிமிட வேலை.

2. 1930 என்ற எண்ணை 'பணம் போச்சு' என்ற பெயரில் போனில் சேமியுங்க. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. 'சைபர் ஹெல்ப்லைன்' என்று சேமித்தால் பதற்றத்தில் ஞாபகம் வராது. பணம் போன உடனே அழைத்தால், அது வேறு கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம்.

3. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வையுங்க. போனில் பேசுவது நம்ம ஆள்தானா என்ற சந்தேகம் வந்தால் அதைக் கேட்கலாம். குலதெய்வத்தின் பெயர், ஊர் பெயர் போல எல்லாருக்கும் தெரிந்தது வேண்டாம்.

4. ஆதார் நகல் கேட்கும் இடத்தில், ஏற்றுக்கொள்வார்கள் என்றால் மாஸ்க்டு ஆதார் கொடுங்க. ஆதார் இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம்.

5. சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்க பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்க. இதற்குச் செயலி தேவையில்லை.

6. பயோமெட்ரிக் லாக் போடும் முன் கேளுங்க: இவருக்கு ரேஷன், பென்ஷன் எதுக்காவது மாதாமாதம் கைரேகை தேவையா? ஆமாம் என்றால், திறந்துகொடுக்கப் பக்கத்தில் யார் இருப்பார் என்று முடிவு செய்துவிட்டுப் பூட்டுங்க. நான் அதைச் செய்யவில்லை.

அம்மா என்ன சொன்னார்?

அன்றைக்கு அரிசியோடு வீட்டுக்குப் போன பிறகு அம்மா மறுபடி கூப்பிட்டார். "மாசாமாசம் இந்தக் கூத்து நமக்காகாது சாமி. தொறந்தே வுட்டுரு" என்றார்.

திறந்துவிட்டேன். அதற்கு ஓடிபி கேட்டபோது, இந்த முறை அம்மா முதலில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சின்ன வயசில் எனக்குக் கையில் தழும்பு எப்படி வந்தது என்று. நான் சரியாகச் சொன்ன பிறகுதான் எண்ணைப் படித்தார்.

பேசுகிறது யார் என்று உறுதி செய்ய அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு அக்கறையும் இருக்கு, புத்தியும் இருக்கு. அவருக்குப் பொருந்துகிற பூட்டுதான் இன்னும் வரவில்லை. அது வரும் வரை அவரோட கைரேகை திறந்துதான் கிடக்கும்.